பக்கத்தில் உட்கார ஒரு ஆள்

“அவ ஒருத்திக்காக விதிய மாத்துனா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ‘நானும் ஒத்தையாளுதான்’னு வந்து நிப்பான். அப்ப என்ன சொல்லுவ?”

“வந்து நிக்கட்டும். அவ போனதுக்கப்புறம் மாத்தி என்ன பண்ணப் போறீங்க? போட்டோவுக்கு மாலை போட்டுட்டு மாத்துவீங்களா?”

“கெம்பி, நாக்க அடக்கிப் பேசு.”

“நான் ஏன் அடக்கோணும்? போன மழைக்கு அணைக்கரைல போய் அவ கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தது நீங்களா, நானா?”

சுவருக்குப் பின்பக்கம் குழாயடியில் மருதி எச்சில் சோதனைக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. குழாயை மூடினால் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோகும். அவள் அங்கே நிற்பது உள்ளே தெரிந்துவிடும். அதனால் கழுவின குப்பியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

“விதிய எழுதுனதே அவதான?” இது சடையனின் குரல். மலையின் ஆய்வுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். மற்ற நேரத்தில் ஜீப் ஓட்டுகிறவர். “பக்கத்துல ஒரு பங்காளி உக்காராம ஒருத்தரு முடிவையும் திறக்கக் கூடாதுன்னு இதே இடத்துல நின்னு சொன்னா. அல்லாரும் சரின்னு தலையாட்டுனோம்.”

“ஆட்டுனோம். அதான் நானும் சொல்றேன். பங்காளியே இல்லாத ஒருத்தி நம்ம முன்னாடியே நின்னு பேசறாளேன்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? அவளுக்கே தோணலயே!”

உள்ளே பேச்சு நின்றது. மருதி குழாயை மூடினாள்.

தோழி கெம்பி சொன்னது நிஜம். சிறுகோம்பை மலையில் யாருக்கும் அது தோன்றாது. அங்கே பிறக்கும்போதே பிள்ளைக்குக் குலம் உண்டு. கல்லுக்குலம், மூங்கில்குலம், ஆத்துக்குலம் என்று எந்த வீட்டைத் தட்டினாலும் அண்ணன் தம்பி, அத்தை, சித்தப்பன் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். தனியாக ஒருவர் இருப்பார் என்பதை வைத்து யாரும் சட்டம் போடுவதில்லை. அந்த விதியை எழுதின சமயத்தில் மருதியின் அண்ணன் பண்ணன் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய்ப் பழக்கத்தில் அவள் அப்போதும் தன்னை “நாங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தும்பிக்குலத்தில் இனி தான் ஒருத்திதான் என்பது அவள் மண்டைக்குள் ஏறவே இல்லை.

குப்பிக் கூடையோடு அவள் உள்ளே போனாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

“டீ வச்சீங்களா, இல்ல சண்டையே போதும்னு விட்டுட்டீங்களா?”

“காதுல விழுந்துச்சா?” என்றாள் கெம்பி.

“குழாய் சத்தத்துல ஒண்ணும் விழல.”

சடையன் தொண்டையைச் செருமினார். “புள்ள, நான் ஒண்ணு சொல்றேன். எங்க கல்லுக்குலத்துல உன்னைச் சேத்துக்கறோம். நானே அண்ணனா பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

“பெட்டி ஒத்துக்காதுண்ணா.”

“ஒத்துக்க வெச்சுக்கலாம். நீதான செஞ்ச?”

“அதான் சொல்றேன். நான்தான் செஞ்சேன். ஒத்துக்காது.” கூடையை இறக்கி வைத்தாள். “விதிய மாத்தாதீங்க. எனக்காக ஓட்டை போட்டா அந்த ஓட்டை வழியா யாரு வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். மரபணுக் கம்பெனிக்காரர்கள் முன்பு ஒரு தடவை வந்திருக்கிறார்கள். சந்தையில் குடை போட்டு உட்கார்ந்து, துப்பினால் போனுக்கு ரீசார்ஜ் என்றார்கள். “உங்க எச்சில், உங்க இஷ்டம்” என்று ஒவ்வொருவராகத் தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள். தனியாகக் கேட்டால் யார் மறுப்பார்கள்? சில வருஷம் கழித்து எஸ்டேட்டில் வேலை கேட்டுப் போனால், “சிறுகோம்பையா? உங்க ஆளுங்களுக்கு மனசு தாங்காதாமே” என்று திருப்பி அனுப்பினார்கள். இன்சூரன்ஸ் கொடுக்கமாட்டேன் என்றார்கள். துப்பினவனுக்கு மட்டும் நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. துப்பாத தம்பிக்கும், அப்போது பிறக்காத அவன் மகளுக்கும் சேர்த்து நடந்தது. ஒருவனுடைய எச்சிலில் அவன் மட்டுமா இருக்கிறான்?

அதற்குப் பிறகுதான் மலைக்காரர்கள், நம் மனசுக்கான மருந்தை நாமே தேடிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். கீழே போய் மரபணுப் படிப்பு படித்திருந்த மருதி திரும்பி வந்து கூட்டுப்பெட்டியைச் செய்தாள். அரிசிப் பானை அளவுதான் இருக்கும். மேலே இரண்டு குழி. இரண்டு பேர் எச்சிலை வைத்தால், அவர்கள் ஒரே குலத்து ரத்தம்தானா என்று முதலில் பார்க்கும். நாலு தலைமுறை தள்ளிப் போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆமென்றால்தான் முடிவைக் காட்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று சொல்லும். சொன்னதும் தனக்குள் இருப்பதை அழித்துவிடும். முடிவின் பாரம் யார் மேலெல்லாம் விழுமோ, அவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து “நானும் கேக்கறேன்” என்று சொல்ல வேண்டும். அதுதான் விதி.

பெட்டி வந்தபின் மலையில் எத்தனையோ பேர் எழுந்து நடந்தார்கள். அதைச் செய்தவள் மட்டும் அரை மாத்திரையைக் கத்தியால் வெட்டி, இன்றைக்குப் போடலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

*

வீட்டுக்குப் போனதும் மருதி வழக்கம்போல நிலைக்காலில் விரல்களின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“நாந்தான்.”

ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகுதான் உள்ளே காலை வைத்தாள்.

இது தும்பிக்குலத்துக்கு மட்டும் உள்ள வழக்கம். வீடு ஒருபோதும் காலியாக இருப்பதில்லை, போய்ச் சேர்ந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், திடுதிப்பென்று நுழைந்து அவர்களைப் பதற வைக்கக் கூடாது என்பார்கள். உள்ளே ஆள் இருந்தால் “இருக்கோம்” என்று பதில் வரும். ஒருவரே இருந்தாலும் “இருக்கோம்”தான். பண்ணன் போனபிறகு அந்தப் பதில் வரவில்லை. ஆனாலும் அவள் அந்த ஒரு மூச்சு நேரம் நிற்பதை விடவில்லை.

அவர்களுடைய பழைய ஊர் அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அணை கட்டினபோது தும்பிக்குலம்தான் முழுசாகக் கிளம்பியது. கட்டட வேலைக்கும் மில்லுக்கும் என்று சிதறினார்கள். போன இடத்தில் மலைக்காரன் என்றால் வீடு கிடைக்காது. அதனால் பேரை மாற்றினார்கள், ஊரை மறைத்தார்கள். மருதியின் தாத்தா ஒருவர் மட்டும்தான் பக்கத்து ஊரிலேயே தங்கிவிட்டவர். அந்த வழியில் வந்த கடைசி ஆள் இவள்.

மருதியின் மனநோய்க்கு மழைதான் நேரம். வானம் மூடினால் அவளுக்குள்ளும் மூடிக்கொள்ளும். சோற்றுக்கு ருசி போகும். கெம்பி பேசுவது தூரத்தில் யாரோ பேசுவதுபோலக் கேட்கும். மருந்து போட்டால் அண்ணனைப்போலவே கை கால் மரத்து, கண் ஒரே இடத்தில் நின்றுவிடும். போடாவிட்டால் அணைக்கரை. வேறு மருந்து இருக்கிறது. அளவு தெரியாமல் கொடுக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். கீழே எந்த ஆஸ்பத்திரியில் துப்பினாலும் அது கடைசியில் கம்பெனியின் கிட்டங்கிக்குத்தான் போய்ச் சேரும்.

மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

*

கம்பெனியிலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஹர்ஷினி. காரை ரோட்டில் விட்டுவிட்டு ஏறி வந்தவள் மருதியின் வாசலுக்கு வருவதற்குள் அலற ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, இது என்னக்கா, விடவே மாட்டேங்குது!”

கணுக்காலில் அட்டை. மருதி உப்பை எடுத்து வைத்தாள். அது சுருண்டு விழுந்தது.

“உங்க கம்பெனி மாதிரிதான். கேக்காம எடுத்துக்கும். எடுக்கறது நமக்குத் தெரியவும் தெரியாது.”

ஹர்ஷினிக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டாள். “நான் கேட்டுட்டுத்தான்க்கா எடுப்பேன். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விதி, பெட்டி, தும்பிக்குலத்தின் கடைசி ஆள். சந்தையில் யாரோ பேசியிருப்பார்கள்.

“ஒரு துளி போதும்க்கா. டீ ஆறறதுக்குள்ள உங்களுக்கு என்ன மருந்துன்னு சொல்லிருவோம். உங்க விதி குடும்பத்தக் காப்பாத்தறதுக்கு. உங்களுக்குத்தான் குடும்பமே இல்லையே. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க துப்பினா யாருக்கு நஷ்டம்?”

 மருதியும் அதையேதான் யோசித்து வைத்திருந்தாள்.

“உங்களுக்கு என்ன லாபம்?”

“அழியப்போற குலம், கிடைக்காத சாம்பிள், அப்படி இப்படின்னு மேல சொல்லுவாங்க. எனக்கு ஜீன் கதையெல்லாம் ஒப்பிக்கத்தான்க்கா தெரியும், புரியாது. விக்கறவ நான்.”

“நான் சொல்லட்டா? தொட்டில மேல தண்ணி விடறோம், அடில ஒரு ஓட்டை வழியா வடியுது. மருந்தும் அப்படித்தான். வாய் வழியா போகுது, கல்லீரல் உடைச்சு வெளிய அனுப்புது. எங்காளுங்க சில பேருக்கு அடி ஓட்டை ரொம்பச் சின்னது. எல்லாருக்கும் குடுக்கற அளவக் குடுத்தா வடியாது, ரொம்பிக்கும். எங்கண்ணன் அப்படித்தான் கல்லு மாதிரி ஆனான். நோய் முத்திப்போச்சுன்னு இன்னும் கூட்டிக் குடுத்தாங்க. அவ்வளவுதான்.”

ஹர்ஷினியின் சிரிப்பு எங்கோ போயிருந்தது.

“கல்லு மாதிரின்னா எப்படிக்கா?”

“உக்காந்தா உக்காந்த இடம். கூப்ட்டா திரும்பறதுக்கு நேரமாகும். சட்டை பட்டன் போட வராது. சோம்பேறின்னு திட்டுவாங்க.”

ஹர்ஷினி கணுக்காலில் ரத்தம் வந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

“நாளைக்குக் காலைல விடுதிக்கு வரேன்” என்றாள் மருதி. சொன்னபோது அழுகை வரவில்லை. காலில் ஏறின பாரம் மட்டும் கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்பதைப்போல ஒரு தனிமை வேறு என்ன இருக்கிறது?

*

விடுதி ரோட்டோரத்தில் இருந்தது. காலையில் மருதி போனபோது ஹர்ஷினி எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே மாடி ஏறினார்கள்.

“கம்பெனி கெஸ்ட்டுன்னு சொல்லி நல்ல ரூமே குடுத்தாங்கக்கா. பாத்ரூம்ல பல்லிதான் ஓசி.”

சாவியைப் போட்டுத் திறந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தி, நிலைக்காலில் விரல்களின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். வாய்க்குள் ஏதோ முனகினாள். ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

மருதி வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“வாங்கக்கா. ஏன் நின்னுட்டீங்க?”

“இப்ப என்ன சொன்ன?”

“பல்லி…”

“அதில்ல. தட்டிட்டு என்ன சொன்ன?”

ஹர்ஷினிக்கு வெட்கமாகிவிட்டது. “ஐயோ, அதுவா. ‘நாந்தான்’ம்பேன். எங்கப்பா பழக்கம். எனக்கும் ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.”

“உள்ளேருந்து யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?”

“அம்மா இருந்தப்ப சொல்லுவாங்க. ‘இருக்கோம்’னு. அப்பா சொல்லிக் குடுத்ததாம். தனியா இருந்தாக்கூட ‘இருக்கோம்’தான். உள்ள வேற யாரும்மா இருக்கான்னு நான் கேலி பண்ணுவேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் மருதியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “ஏன்க்கா? என்ன ஆச்சு?”

மருதி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உடைந்து உடைந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அணையை, சிதறினவர்களை, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் போய்ச் சேர்ந்தவர்களை. ஹர்ஷினி கட்டில் விளிம்பில் அசையாமல் கேட்டாள்.

“எங்கப்பா கோயமுத்தூர்க்கா” என்றாள் கடைசியில். “மில்லுல இருந்தாரு.”

“அதுக்கு முன்னாடி?”

“தெரியாது. கேட்டா ரேடியோவ சத்தமா வெச்சுக்குவாரு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“மாத்திரை சாப்பிடறாரு. அம்மா போனதுலேருந்து. பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துக்குவாரு, பஸ் வரும் போகும், ஏறமாட்டாரு. சட்டை பட்டன் நான்தான் போட்டு விடுவேன். டாக்டர் போன மாசம் அளவக் கூட்டியிருக்காரு.” மூக்கை உறிஞ்சினாள். “நான் அவரத் திட்டியிருக்கேன்க்கா. சோம்பேறின்னு.”

மேஜை மேல் கம்பெனியின் குப்பி மூடி திறந்து தயாராக இருந்தது. மருதி அதைப் பார்த்தாள். எழுந்து போய் மூடினாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“நேத்து வரைக்கும் என் எச்சில் எனக்கு மட்டும்தான் சொந்தம்னு நெனச்சேன். இப்ப இதுல நான் துப்புனா, உன்னையும் உங்கப்பாவையும் சேத்துத் துப்புன மாதிரி. நாளைக்கு உன் கம்பெனியே உன்ன ‘சிறுகோம்பை’ன்னு பிரிச்சு வெச்சிரும்.”

“அப்ப உங்களுக்கு மருந்து?”

“பெட்டி இருக்கு. நீ பக்கத்துல உக்காந்தா திறக்கும்.”

ஹர்ஷினி சட்டென்று எழுந்தாள். முகம் மாறிவிட்டது.

“இல்லக்கா. உக்காந்தா நான் யாருன்னு ஆயிடும்ல? என்னப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. எங்கப்பா இத்தனை வருஷம் எதுக்கு ரேடியோவ சத்தமா வெச்சாரு? ஒரு தட்டு தட்டினதுக்கு நீங்க என் வாழ்க்கையவே மாத்தச் சொல்றீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல புள்ள.”

“சொல்லாம சொல்றீங்க.”

துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே இறங்கிப் போய்விட்டாள். காலிக் குப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

*

மழை பிடித்துக்கொண்டது.

கெம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு மருதி வீட்டுக்கே வந்துவிட்டாள். சமைப்பாள், ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பாள், பேசிக்கொண்டே இருப்பாள். மருதி தலையாட்டுவாள். இப்போதைய இருட்டு பழையதைவிட மோசமாக இருந்தது. முன்பு யாருமில்லை. இப்போது ஒருத்தி இருக்கிறாள், வேண்டாம் என்று போய்விட்டாள். இல்லாததற்கு அழுவதைவிட இது கனமாக இருந்தது.

சடையன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

“நான் அப்பவே நெனச்சேன். கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பான். கதவத் தட்டறத யாரு வேணா பழகிக்கலாம்.”

“‘நாந்தான்’ங்கறதச் சொல்லிக் குடுத்திருக்கலாம். ‘இருக்கோம்’ யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் கெம்பி.

சடையன் யோசித்தார். பக்கத்து வீட்டில் இத்தனை காலம் இருந்தும் அவருக்குத் தெரியாது. அது கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் சொல்லும் வார்த்தை.

“கூட்டத்துல பேசிட்டோம் புள்ள” என்றார் மருதியிடம், தணிந்த குரலில். “பெட்டியோட பூட்ட எடுத்துரு. உனக்கு மட்டும். அல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நானும்.”

மருதி சம்மதம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஒரு தலையசைப்பு போதும்.

“முடியாதுண்ணா. இப்ப நான் ஒத்தையாள் இல்ல” என்றாள். “அவ வரமாட்டேன்னுட்டா. ஆனா இருக்கா. அவளக் கேக்காம அவ ரத்தத்தத் திறக்க முடியாது.”

“இது என்ன கூத்து! ஆள் இல்லாதப்பவும் திறக்க முடியாது, ஆள் கெடச்சாலும் திறக்க முடியாதா?” கெம்பி கரண்டியைத் தூக்கி எறிந்தாள். அது போய்க் கோழி மேல் விழுந்தது. கோழி கத்தின கத்தில் மருதிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த மழையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒரு மத்தியானம். மழை ஓட்டின்மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மருதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நிலைக்காலில் இரண்டு தட்டு.

“நாந்தான்.”

அவள் எழுந்திருக்கவில்லை. தன் குரல்தான் தன் காதில் கேட்கிறது என்று நினைத்தாள். மனசு அப்படியெல்லாம் ஏமாற்றும் என்பது படித்தவளுக்குத் தெரியும். கெம்பிதான் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஹர்ஷினி தொப்பலாக நனைந்து நின்றாள். ஒரு மூச்சு நேரம் தாண்டியும் உள்ளே வராமல் காத்துக்கொண்டிருந்தாள். மருதிக்கு வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. சொல்லி எத்தனை காலம் ஆயிற்று!

“காலப் பாருங்கக்கா, மூணு அட்டை” என்றாள் ஹர்ஷினி. அவளே உப்பை எடுத்துக்கொண்டாள்.

“வேலைய விட்டுட்டியா?” என்றாள் கெம்பி.

“இல்ல. காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒண்ணும் சொல்லல. தைரியமெல்லாம் எனக்கு இல்லக்கா.” மருதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்பாகிட்டக் கேட்டேன். அணைன்னு சொன்ன உடனே ரேடியோவ வெக்கப் போனாரு. ஆனா குமிழத் திருப்ப விரல் வரல. நான்தான் திருப்பி விட்டேன். அப்பறம்தான் கெளம்பி வந்தேன்.”

சடையன் பெட்டியை ஜீப்பில் கொண்டுவந்தார். நம்பாத முகத்தோடு கதவோரம் நின்றார். இரண்டு குழியிலும் இரண்டு எச்சில் வைத்தார்கள். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. கெம்பி அடுப்பில் வைத்த அரிசி கொதித்துப் பொங்கியது. அதை இறக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹர்ஷினி தன்னையறியாமல் மருதியின் விரலைப் பிடித்திருந்தாள். ஆமென்று வரவேண்டும் என்று பிடித்தாளா, வரக்கூடாது என்றா, அவளுக்கே தெரியாது.

விளக்கு பச்சையானது.

சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“நானும் கேக்கறேன்” என்றாள் ஹர்ஷினி. அப்படிச் சொல்லவேண்டும் என்று கெம்பிதான் காதில் சொல்லிக் கொடுத்தாள்.

மருதிக்கு மருந்து மிக மெதுவாகத்தான் வடியும். பழைய மாத்திரை ஆகவே ஆகாது. வேறொன்று, அதிலும் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் ஒரு துணுக்கு. ஹர்ஷினிக்கும் ஓட்டை சிறியதுதான். இரண்டு பேருக்கும் அது ஒரே வழியில் வந்திருந்தது. ஹர்ஷினிக்கு வந்தது அப்பா பக்கத்திலிருந்து.

“அப்ப அப்பாவுக்கு நோய் முத்தல. மருந்துதான் ரொம்பிருச்சு” என்றாள் ஹர்ஷினி.

“டாக்டர்கிட்ட சொல்லிக் குறைக்கணும். தடால்னு நிறுத்தக் கூடாது. நான் பேசறேன்.”

ஹர்ஷினி அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. “பஸ் ஸ்டாப்புல இருப்பாரு. போன் வீட்டுல கெடக்கும். ஹால்ல வீட்டுப்பேசின்னு ஒரு ஸ்பீக்கர் இருக்குக்கா, அத என் போன்லேருந்தே நான் திறக்கலாம். அவரு வந்ததும் பேசலாம்.”

திறந்தாள். கோயமுத்தூரில் ஆளில்லாத அந்த வீட்டின் சத்தம் மலை வீட்டுக்குள் வந்தது. மின்விசிறி. எங்கேயோ ஒரு குக்கர். தெருவில் காய்காரர். மூன்று பெண்களும் கொதித்துக் குழைந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் காலி வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் வீடும் வெளியிலிருந்து கேட்டால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மருதி நினைத்தாள்.

செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. சாவி துவாரத்தைத் தேடித் தேடித் தடுமாறியது. கதவு திறந்தது.

இரண்டு தட்டு.

“நாந்தான்” என்றது ஒரு தேய்ந்த குரல். பதில் வராது என்று நன்றாகத் தெரிந்த குரல். ஆனாலும் அந்த ஒரு மூச்சு நேரம் நின்றது.

ஹர்ஷினி “அப்பா” என்று வாயெடுத்தாள். மருதி அவள் கையை அழுத்தினாள். வராத அந்த வார்த்தை இப்போது வந்தது.

“இருக்கோம்.”

அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் ஓடியது. பிறகு அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்காருவது கேட்டது. அழுகிறாரா என்று தெரியவில்லை. ரேடியோவை வைக்கவில்லை.

மருதி இப்போது அந்தத் துணுக்கு மருந்தைத்தான் சாப்பிடுகிறாள். மழை நாட்கள் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அணைக்கரைக்குப் போகவில்லை. தும்பிக்குலத்தார் இன்னும் எங்கெங்கே இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் சோம்பேறி என்று பேர் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்களிடம் கேட்கச் சொல்லி மருதி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில், அப்பாவோ சித்தியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஏன் நீங்களேயோ, காலி வீட்டுக்குள் நுழையும்முன் நிலைக்காலைத் தட்டி “நாந்தான்” என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நிற்பது உண்டா? உண்டென்றால் பதில் எழுதுங்கள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். “இருக்கோம்” என்று ஒரு வார்த்தை போதும். பக்கத்தில் வந்து உட்கார இங்கே ஆள் இருக்கிறது.